வெளி பெஞ்சு

“உங்களுக்கு எங்க வலிக்குது?” என்று மயக்க மருந்து டாக்டர் ஒருமுறை அவளிடம் கேட்டார். கேட்டது சலவை அறை வாசலில். அறுவை மேசையில் கிடந்தது அவள் தங்கை.

அந்த மருத்துவமனையில் இது வழக்கமான கேள்விதான். ஆளை மயக்கிய பிறகு, வெட்டும் இடத்து நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி பிடித்ததா என்று அவரையே எழுப்பிக் கேட்க முடியாது. அதனால் தோலை இடுக்கியால் கிள்ளிவிட்டு, நர்ஸ் கதவைத் திறந்து வெளி பெஞ்சைப் பார்ப்பாள். ஊசி பிடித்திருந்தால் அந்த வலி, நோயாளியை யார் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ அவரிடம் போய்விடும். ஒரு மகன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினால் உள்ளே கத்தியை எடுப்பார்கள். மருந்தின் வேகம் தணிந்ததும் வலி உரியவரிடம் திரும்பும். விரல் சூட்டையும் நாடியையும் காட்டும் கருவிகளும் இருந்தன. பெஞ்சு அளவுக்கு யாரும் அவற்றை நம்பவில்லை.

தங்கையின் இடது தோளுக்கு ஊசி போட்ட அன்று பெஞ்சில் இருந்தது தங்கை கணவன். கிள்ளினார்கள். அவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். மறுபடி கிள்ளினார்கள். கேன்டீன் எத்தனை மணி வரை என்று விசாரித்தான். காலையிலிருந்து உட்காராத டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். கருவி, பிடித்தது போலவும் காட்டியது, பிடிக்காதது போலவும் காட்டியது. பிடிக்காமல் வெட்டினால் தூக்கத்திலும் உடம்பு வலியை அறியும், நாடி எகிறும். தங்கையின் இதயம் அதைத் தாங்காது. இன்னொரு ஊசியையும் தாங்காது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று சர்ஜன் கையுறையைக் கழற்றும்போதுதான், சலவை அறையில் ஒருத்தி போர்வை மடிக்கையில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று சேதி வந்தது.

அவள் அக்கா. அம்மா இறந்ததைத் தங்கைக்குச் சொல்லி அனுப்பாமலே அடக்கம் செய்தவள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே தங்கை வந்து சேர்ந்திருப்பது தெரிந்தும் போய்ப் பார்க்கவில்லை.

“இடது தோள்ல,” என்றாள் டாக்டரிடம். “வெட்டச் சொல்லுங்க. நான் உக்காந்துக்கிறேன்.”

அறுவை முடியும்வரை பெஞ்சில் துவாலையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கணவன் நகர்ந்து இடம் விட்டான். தனக்கும் லேசாகப் பல் வலித்ததாகப் பிறகு சொன்னான். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் தோள் சட்டென்று லேசானது. அப்போதுதான் பயந்தாள். சலவைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள். தங்கை பல்லைக் கடித்தபடி விழித்திருந்தாள். நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“ரொம்ப வலிச்சுதாக்கா?”

அக்கா தங்கையின் இடது கைக்கு அடியில் தலையணையைச் சரியாக வைத்தாள். அழுக்குப் போர்வையை உருவிக் கூடையில் போட்டு, மடித்த புதியதைப் போர்த்திவிட்டாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.