அழட்டும், விடுங்க

பெருங்களத்தூரில் ஜெரோமைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் படத்துக்கு மியூசிக் போடுகிறாய் என்பதுதான். படத்துக்கு இல்லை, வயலினும் செல்லோவும் வாசிக்கிற குழுக்களுக்காக எழுதுகிறேன் என்று அவன் சொன்னால், கவலைப்படாதே, சீக்கிரம் சான்ஸ் வரும் என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஜெர்மனியில் படித்துப் பரிசு வாங்கி, அந்த ஊர்ப் பத்திரிகையில் பாதிப் பக்கப் படத்தோடு வந்தவனுக்கு இங்கே கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அவனுக்காகச் சண்டை போடுகிற ஆள் அக்கா ஜான்சி ஒருத்திதான். அவளுக்கும் அந்த இசையில் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனாலும் பீர்க்கன்கரணையில் அவன் பெயரைச் சொல்லாமல் அவளால் காய்கறி வாங்க முடியாது.

அவனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ‘அப்பாவுக்கு’ என்ற படைப்பு. அப்பா அந்தோணிசாமி தாம்பரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். மகனைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பியானோ வகுப்புக்குக் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே வெயிலில் நிற்பார். அவர் இறந்த வருஷமே ஜெரோம் அதை எழுதினான். வெளிநாட்டில் எங்கே வாசித்தாலும் ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இவ்வளவு துயரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நினைவுகளிலிருந்து என்று சொல்லிவைத்தான். வாய் கூசாமல் சொன்னான்.

எடுத்த இடம் அவனுக்குத் தெரியும். வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். அவன் விமானத்திலிருந்து நேராக வந்து நின்றான். பெட்டியின் மோட்டார் ஒரே சுரத்தில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. ஜான்சி அதன்மேல் விழுந்து, “எழுந்திருங்கப்பா, தம்பி வந்துட்டான்” என்று கதறினாள். அந்தக் கதறல் மோட்டார் சத்தத்தோடு கச்சிதமாகச் சேர்ந்து, முடிகிற இடத்தில் அரைச் சுரம் இறங்கியது. பெற்ற அப்பன் எதிரே கிடக்க, பாவி மகனின் காது அதைத்தான் பிடித்தது. மாலையைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்து, போனில் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, பூக்களுக்கு அடியில் வைத்தான். பிறகு தன் அறைக்குப் போய் அந்த அழுகையைச் சுரம் சுரமாக எழுதினான். மோட்டார் செல்லோ ஆனது. அக்கா வயலின் ஆனாள்.

இப்போது ‘அப்பாவுக்கு’ வாசிக்கும் ஜெர்மன் குழு ஒன்று இந்தியா வருகிறது. இசையமைப்பாளரின் சொந்த ஊரிலேயே அதை வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. தாம்பரத்தில் ஓர் அரங்கமும் ஏற்பாடாகிவிட்டது. வேறு ஏதாவது வாசியுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் போதும். ஊர் ஜனம் ஒருமுறையாவது கேட்கட்டுமே என்ற ஆசையில் அவன் அதை அனுப்பவில்லை. அக்காவுக்கு என்ன தெரியப்போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். அப்படி நினைத்ததற்கே அவன் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

ஜான்சி பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக் காந்திமதியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். செல்லோ தொடங்கியது. ஒரே சுரம், ஏற்றமில்லை, இறக்கமில்லை. காந்திமதி கொட்டாவியை அடக்கினாள். ஜான்சி தலையாட்டிக்கொண்டிருந்தாள். வயலின் எழும்பி, அரைச் சுரம் இறங்கியது. அவள் தலையாட்டம் நின்றது. கை தானாகத் தொண்டைக்குப் போனது. ஓரமாக நின்ற ஜெரோம் வாசலைப் பார்த்தான். ஓடிவிடலாம் போலிருந்தது. அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஜான்சி அவனைத் தூணருகே தனியாக நிறுத்தினாள்.

“அது ஐஸ் பெட்டி சத்தம்தானே?”

அவன் மேடைப் பக்கம் திரும்பினான்.

“மேல அழுதது நான்.”

“அக்கா, அது வந்து...”

“அன்னிக்கு அத்தை என்னைத் தண்ணி குடிக்கக் கூப்பிட்டாங்க. நீ வந்து, விடுங்க அத்தை, அழட்டும்னு சொன்ன. பெத்த அம்மா இருந்தாக்கூட இப்படிப் புரிஞ்சிக்க மாட்டாங்கன்னு இன்னிவரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.”

அவன் தரையைப் பார்த்தான். அத்தை அவளை எழுப்பியபோது பதிவு பாதியில் நின்றுவிடுமே என்றுதான் அவன் பதறினான். அக்காவின் தொண்டை வறண்டது அவன் கண்ணில் படவே இல்லை. இதை இதுவரை அவன் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் காந்திமதி வந்துசேர்ந்தாள். ஒன்றுமே புரியவில்லை, ஆனால் அடிவயிற்றை என்னவோ பண்ணிவிட்டது, எப்படித்தான் இதையெல்லாம் யோசித்து எழுதுகிறானோ என்று ஜான்சியிடம் கேட்டாள்.

இங்கேயே போட்டு உடைத்துவிடுவாள் என்று ஜெரோம் நினைத்தான். உடைக்கட்டும் என்றுகூட ஆசைப்பட்டான். ஜான்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா செத்த அன்னிக்கு இவன் எல்லார் முன்னாடியும் அழல. தனியா உட்கார்ந்து அழுது அழுது எழுதியிருக்கான், என் தம்பி.”

‘தம்பி’ என்ற இடத்தில் அவள் குரல் அரைச் சுரம் இறங்கியது. அதையும் அவன் காது குறித்துக்கொண்டது. ஜெரோம் கூனிக்குறுகி நின்றான்.