இருமத் தெரியாத பொம்மை

எழுத்துத் தேர்வில் நெடீன் பர்விஸ் ஒரு கேள்விக்குக்கூடத் தப்பாக எழுதவில்லை. எப்படி எழுதுவாள், கண்ணுகளா? அந்தக் கேள்விகளைத் தயாரித்தவளே அவள்தான்.

எங்கள் டல்லஹாசி ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாருக்குப் பயிற்சிப் பாடம் அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. யாருக்கு எதைச் சொல்லித் தருவது, எதை முதலில் வைப்பது, கற்றுக்கொண்டார்களா என்று எப்படிச் சோதிப்பது, எல்லாம் அவள் திட்டம்தான். தொண்டையில் குழாய் வைத்தவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பாடமும் அவள் போட்டது. இப்போது அந்தக் குழாய் அவள் புருஷன் ஹாலிஸின் தொண்டையில் இருந்தது. கட்டியை அறுத்தெடுத்த டாக்டர்கள் துளை போட்டு வைத்தது. அவனால் பேச முடியாது. சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவான். சளி அடைத்தால் மெல்லிய இன்னொரு குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அதைப் பழகிக்கொண்டால்தான் வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

பயிற்சி அறையில் ஒரு ரப்பர் பொம்மை உண்டு. அதன் கழுத்தில் நெடீன் எல்லாவற்றையும் பிசகாமல் செய்தாள். கையுறை, மெல்லிய குழாய், அந்தக் குழாயின் பக்கத்தில் உள்ள சின்னத் துளையைக் கட்டைவிரலால் மூடினால் உறிஞ்சல் தொடங்கும், மெல்லச் சுழற்றிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்ற நர்ஸ் யோலெத் தலையாட்டினாள். பிறகு இருவரும் ஹாலிஸின் கட்டிலுக்குப் போனார்கள்.

குழாய் உள்ளே போனதும் ஹாலிஸ் இருமினான். உடம்பே தூக்கிப் போட்டது, முகம் சிவந்தது, கண்கள் அவளைப் பார்த்தன. நெடீனின் கை அப்படியே நின்றுவிட்டது. குழாய் உள்ளே, கட்டைவிரல் அந்தரத்தில். யோலெத் அவள் கையை விலக்கிவிட்டு மீதியைத் தானே முடித்தாள்.

"இன்னிக்கு இது போதும் செல்லம்," என்றாள் யோலெத். "போன வாரமும் இதே இடத்துலதான் நின்னுச்சு, இல்ல?"

"ஆமா."

"இன்னும் ஒரு தடவைதான் இருக்கு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டம் அப்படி."

அந்தச் சட்டமும் நெடீன் எழுதியதுதான். மூன்றாம் முறையும் தேறாவிட்டால் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். இடம் காலியாக இருந்தது மரியானா என்கிற ஊரில், காரில் ஒரு மணி நேரத் தொலைவு.

ஹாலிஸ் பலகையில் எழுதிக் காட்டினான்: "டீச்சர் சரியில்லப்பா."

பள்ளி பஸ் ஓட்டியே வயதானவன்; பிள்ளைகளோடு பழகிய வாய் அப்படி. வாய் போனாலும் கை விடவில்லை. நெடீன் அதைப் படித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. பலகையைத் துடைத்து அவனிடமே கொடுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்த அலுவலகத்துக்குப் போனாள்.

இவள் ஏன் வேலைக்குப் போகிறாள் என்று எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டோம். வேறு எங்கே போவாள், பாவம்? சர்ச்சிலிருந்து நாங்கள் கொண்டுபோய் வைத்த கோழிக் கறியும் சோறும் சேர்த்துச் சுட்ட காசரோல் பாத்திரங்கள் அவள் குளிர்பெட்டியில் மூடிய அலுமினியத் தாள் பிரியாமல் அடுக்கி இருந்தன. அவள் பட்டினி கிடக்கவில்லை. பசிக்கும் நேரத்தில் ரொட்டியை நின்றுகொண்டே தின்பாள். ருசி என்று ஒன்று இருப்பதை மறந்திருந்தாள், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் அவளோடு வேலை பார்ப்பவன் டெரல். முப்பதைத் தாண்டியவன், அவளைப் போலவே பாடம் அமைப்பவன். இருவருக்கும் பல வருடமாக ஒரே சண்டை. நெடீனுடையது ஐந்து படி: ஆராய்தல், திட்டமிடல், உருவாக்கல், நடத்தல், மதிப்பிடல். ஒரு படி முடிந்து கையெழுத்தாகாமல் அடுத்ததில் கால் வைக்க மாட்டாள். பட்டாளத்துக்கென்று எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே பிறந்த முறை. அதில் அவளுக்குச் சொந்த வீட்டுப் பெருமை. டெரலுக்கு அது ஆகாது. முதல் நாளே அரைகுறையாக ஒன்றைச் செய்வான், கற்பவர் கையில் கொடுப்பான், உடைந்த இடத்தை ஒட்டுவான், மறுபடி கொடுப்பான்.

"நீங்க திட்டம் போட்டு முடிக்கிறதுக்குள்ள நோயாளி குணமாகி, மீன் பிடிக்கப் போயிடுவாரு மிஸ் நெடீன்," என்பான்.

"உன் பாடத்தைப் படிச்சா மீனுக்குத்தான் இரை ஆவாரு," என்பாள் அவள்.

அதெல்லாம் கட்டிக்கு முன்னால்.

இந்த வாரம் மேலாளருக்கு ஒரு பக்க அறிக்கை வேண்டியிருந்தது. ஐந்து படி முறை, செய்து செய்து திருத்தும் முறை, கடைசியில் கற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் தொடங்கிப் பின்னோக்கி வரும் முறை, மூன்றையும் ஒப்பிட்டு, ஆஸ்பத்திரி இனி எதைப் பின்பற்றலாம் என்று சொல்ல வேண்டும். நெடீன் அட்டவணை போட்டாள். எது வேகம், எது செலவு, தப்பு எங்கே தெரியவரும் என்று கட்டங்களை நிரப்பினாள். விரல்கள் நன்றாகவே வேலை செய்தன. ஐந்து படி முறைக்கு எதிரே "தப்பு முதல் படியிலேயே தெரிந்துவிடும்" என்று எழுதினாள்.

டெரல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இந்தக் குழாய்ப் பாடத்துக்கு முதல் படியில நீங்க யாரையெல்லாம் விசாரிச்சீங்க?"

"நர்ஸுங்க. டாக்டருங்க. மூச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனவங்கள?"

நெடீன் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "அவங்க வராந்தாவுல உக்காந்திருந்தாங்க. அந்த நேரத்துல போய்க் கேள்வித்தாளை நீட்டுறது மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன். கற்பவர் விவரம்கிற இடத்துல, நிதானமானவர், விருப்பத்தோட வர்றவர்னு போட்டேன்."

டெரல் தன் நாற்காலிக்குத் திரும்பினான். வாயடிக்க நல்ல வாய்ப்பு, அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஒரு பையோடு வந்தான். கழுத்தில் ஷவர் குழாயின் ஒரு துண்டைப் பழைய பெல்ட்டால் கட்டியிருந்தான். அதன் மறுமுனை சட்டைக்குள் போனது.

"என்ன கண்றாவி இது?"

"என் அரைகுறை வேலை. உள்ள கெச்சப் பாட்டில், அதுல ஆப்பிள் கூழ். நீங்க குழாயை விடுங்க, நான் இருமுறேன்."

"டெரல், வேலை கிடக்கு."

"மரியானாவுக்கு வாராவாரம் கார் ஓட்டுறதும் வேலைதான் மிஸ் நெடீன். வாங்க."

பயிற்சி அறையின் உறிஞ்சு இயந்திரத்தைப் போட்டான். நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவள் குழாயை விட்டாள். அவன் இருமிக்கொண்டே சட்டைக்குள் பாட்டிலை அமுக்கினான். ஆப்பிள் கூழ் அவள் மேல்சட்டையில் தெறித்தது. அவள் கை நின்றது.

"பாத்தீங்களா? பொம்மை இப்படிச் செய்யுமா?" என்றான்.

"செய்யாது."

"சரி, உங்க வரிசையைத் தலைகீழாப் போடுவோம். குழாய் உள்ள இருக்கு, நான் இருமுறேன். அங்கேருந்து தொடங்குங்க. கட்டைவிரலை வச்சு வெளிய எடுங்க, அது மட்டும் போதும்."

அதை மட்டும் செய்தாள். முதலில் வரவில்லை. அவன் இருமலை மெதுவாக்கினான், வந்தது. கொஞ்சம் பலமாக்கினான், கை நின்றது. அவன் வீட்டில் பெண்டாட்டி பார்த்தால் துரத்திவிடுவாள் என்கிற அளவுக்குச் சட்டை நனைந்துவிட்டது.

"எந்த இடத்துல நிக்குது? யோசிச்சுச் சொல்லுங்க," என்றான்.

"உன் கண்ணைப் பாக்கும்போது."

"எங்கே பாக்கணும்னு உங்க பாடத்துல இருக்கா?"

இல்லை. கை எங்கே இருக்க வேண்டும் என்று இருந்தது, விரல் எங்கே என்று இருந்தது. கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. நர்ஸ்கள் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

பாடத்தில் உடைந்த அந்த இடத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டினார்கள். குழாயின் விளிம்பைப் பார்ப்பது என்று வைத்தார்கள். அப்படியும் கண் மேலே போனது. சும்மா இருந்த இடது கையைத் தன் மார்பில் வைக்கச் சொன்னான் டெரல். இருமல் கிளம்புவது முகத்தில் தெரிவதற்கு முன்பே உள்ளங்கைக்குத் தெரிந்தது. தெரிந்தபின் வலது கை நிற்கவில்லை. மறுபடி செய்தாள். மறுபடி. மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கை மட்டும் கற்றுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை கூட்டத்தில் மேலாளர் அவளுடைய அறிக்கையைப் படித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு நெடீன். ஆனா முடிவு எழுதலியே? நம்ம ஆஸ்பத்திரிக்கு எது?"

"தெரியல."

"உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

"டெரல் பேசுவான். எனக்கு மேல வேலை இருக்கு," என்று எழுந்து போனாள். அந்த அறையில் அவள் டெரலுக்கு இடம் விட்டது அதுவே முதல் தடவை.

மேலே யோலெத் காத்திருந்தாள். ஹாலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். பலகையில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான்: "பிட் அடிக்காதே."

நெடீன் கையுறை போட்டாள். இடது கையை அவன் மார்பில் வைத்தாள். யோலெத்தின் புருவம் உயர்ந்தது. பாடத்தில் இல்லாத கை அது. ஆனால் தடுக்கவில்லை. குழாய் உள்ளே போயிற்று. உள்ளங்கைக்கு அடியில் இருமல் திரண்டது. அவன் முகம் சிவந்தது, அதையும் அவள் பார்த்தாள். பழக்கிய கண்ணும் கடைசியில் அவன் கண்ணிடம்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே பயம் இருந்தது. கட்டைவிரல் துளையை மூடியது. இயந்திரம் உறிஞ்சியது. குழாய் சுழன்று வெளியே வந்தது.

ஹாலிஸ் மூச்சு விட்டான். சத்தமில்லாத, சுத்தமான மூச்சு.

"அவ்வளவுதான் செல்லம், கூட்டிட்டுப் போ," என்றாள் யோலெத். "அந்த இடது கை எங்கேருந்து வந்துச்சு?"

"கீழ ஒருத்தன் ஆப்பிள் கூழ் துப்பினான்."

யோலெத் சிரித்தாள். நெடீன் சிரிக்கவில்லை, தான் சொன்னது சிரிப்பு மூட்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

ஹாலிஸின் துணிகளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அங்கே ஓர் இளம்பெண் மடியில் பயிற்சிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நெடீனின் புத்தகம்தான். அவளுடைய அப்பாவுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். நெடீன் தாண்டிப் போனாள். லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்து, மூடியது. அவள் ஏறாமல் திரும்பி வந்து அந்தப் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதுல உனக்கு எது பயமா இருக்கும்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிறையப் பேசினாள். நெடீன் குறித்துக்கொள்ளவில்லை, துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை ஹாலிஸ் இருமினான். நர்ஸ் இல்லை, டெரல் இல்லை. நெடீன் செய்து முடித்தாள். இயந்திரத்தை அணைத்த பிறகும் இடது கை அவன் மார்பிலேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவன் பலகையைத் தேடவில்லை. அந்தக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டான். வெளியே பள்ளி பஸ் நின்று, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குப் பசித்தது. குளிர்பெட்டியைத் திறந்து, நாங்கள் வைத்த பாத்திரங்களில் ஒன்றின் அலுமினியத் தாளைப் பிரித்தாள். உட்கார்ந்து தின்றாள். உப்புக் குறைச்சலாக இருக்கிறது என்று பட்டது. என் வீட்டுப் பாத்திரம் அது. பின்னொரு நாள் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வாசலிலேயே நின்று உப்புக் குறைச்சல் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணுகளா.