பின்னறையில் ஒரு மணி நேரம்

எங்கள் டியூஷன் சென்டரில் செவ்வாயும் வியாழனும் வகுப்பு தொடங்கும்போதே சொல் தேர்வு. பாஸானால் பாடம் முடிந்ததும் போகலாம். ஃபெயிலானால் பின்னறை. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தவறவிட்ட ஆங்கிலச் சொற்களை எழுதி எழுதிப் படித்து, மறுபடி தேர்வு எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். செல்போனையும் பிடுங்கி வைத்துக்கொள்வோம். முதலாளி கீ இந்த ஏற்பாட்டை சியோலிலிருந்து வேரோடு பெயர்த்து வந்து வான்கூவர் மழையில் நட்டார். நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கீழே கோழி வறுக்கும் கடை, மேலே நாங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் முக்கோணச் சோற்றுப் பொட்டலத்தைக் கடித்துக்கொண்டே படியேறுவார்கள். பதினாறு வயதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு, நானும் அப்படித்தான் ஏறுகிறேன். வகுப்பில் பாதிப் பேருக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரியும். நான் தட்டி எழுப்புவதில்லை. எழுப்பி என்ன கிழிக்கப் போகிறேன்? இங்கிருந்து கணக்கு டியூஷன், அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். தூங்குகிறவனை எழுப்பி வேலை நேரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்வது பாவம்.

சா யுன்சல் மட்டும் வகுப்பில் தூங்குவதில்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் சேர்ந்ததிலிருந்து சொல் தேர்வில் ஒருமுறைகூட பாஸானதில்லை. அவளுடைய அப்பா கொரியாவில், உல்சானில் ஒரு கப்பல் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்துச் சம்பளத்தை அனுப்புகிறார். வருஷத்துக்கு ஒருமுறை வந்து மகளின் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். அம்மா இங்கே விடியற்காலையில் ஒரு தொடுகறிக் கடையில் கீரை அலசுகிறார், மாலையில் மறுபடி அதே கடை, நடுவே மகளுக்கு டிரைவர். இப்படிப்பட்ட குடும்பம் எங்கள் பகுதியில் தெருவுக்கு நாலு.

ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். யுன்சல் சென்டரின் பெயரைக் கெடுக்கிறாளாம். வியாழனும் ஃபெயிலானால் சனிக்கிழமை முழுநாள் வகுப்பில் போட்டுவிட வேண்டுமாம். வியாழனன்று அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார். விளக்கிச் சொல்லும் பொறுப்பு என் தலையில். சனிக்கிழமை மதியம்தான் அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருக்கும் ஒரே பொழுது என்றேன். "அதனாலதான் சனிக்கிழமை, பாங் டீச்சர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வகுப்பில் விவாதம் வைத்தேன். பள்ளிக்கூடம் காலையில் தாமதமாகத் தொடங்கலாமா என்பது தலைப்பு. தோகியோம் என்ற பையன் ஏதோ உளற, யுன்சல் எழுந்து அவனை ஆங்கிலத்தில் வாட்டி எடுத்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சற்று முன் தேர்வுத் தாளில் வெறுமையாக விட்ட சொற்களையெல்லாம் ஒன்றுவிடாமல், பொருத்தமான இடத்தில், சரளமாக வீசிக்கொண்டிருந்தாள்.

ஆக, வேண்டுமென்றே ஃபெயிலாகிறாள். என்னைக் கேனையென்று நினைத்துவிட்டாளே என்று கோபம் வந்தது. பாடம் முடிந்து அவள் பின்னறைக்குப் போன சற்று நேரத்தில் நானும் போனேன். கதவைத் திறந்தால் இருட்டு. தூங்கத்தான் இத்தனை நாடகமா என்று நினைத்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அவள் தூங்கவில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி, லைட்ட அணைச்சிட்டு என்ன பண்றே?"

"லைட் எரிஞ்சா கண்ணாடில என் மூஞ்சிதான் டீச்சர் தெரியுது. அம்மா தெரிய மாட்டேங்குது."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில், விளக்குக் கம்பத்தின் அடியில், அவர்களுடைய பழைய வெள்ளை வேன். டிரைவர் இருக்கையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து, அவளுடைய அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மேலே மழை கொட்டியது.

மெல்லத்தான் சொன்னாள். பாஸாகிவிட்டால் கணக்கு டியூஷனில் முதல் பேட்ச். அங்கே இறக்கிவிட்டு அம்மா நேரே கடைக்கு ஓட வேண்டும். ஃபெயிலானால் இரண்டாவது பேட்ச். நடுவில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் கடைக்குப் போய்த் திரும்ப முடியாது, அம்மா காத்திருக்கத்தான் வேண்டும். வீட்டில் தூங்க மாட்டாரா என்று கேட்டேன்.

"நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் அம்மாவும் முழிச்சிருக்கும். பக்கத்துல உக்காந்து பழம் வெட்டிக் குடுக்கும். நான் படுத்தப்புறம்தான் படுக்கும். நான் எழுந்திரிக்கறதுக்குள்ள கீரை அலசப் போயிரும்."

எங்கள் அம்மாக்களுக்கு இது எழுதாத சட்டம். என் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு என்னைவிட நல்ல மனசு.

சனிக்கிழமை வகுப்பு விஷயத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை ஒழுங்காக எழுது, அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் பொறுப்பு என்றேன். "பெரியவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க" என்றாள்.

ஆனாலும் வியாழக்கிழமை எழுதினாள். ஒரு தப்பு இல்லை. பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுத்துவிட்டு, அந்தத் தாளோடு வராந்தாவுக்கு வந்தேன். யுன்சல் அம்மா ஒரு டப்பாவில் இஞ்சி போட்ட மீன் கருவாட்டுப் பொரியலோடு நின்றுகொண்டிருந்தார். கை முழுக்கத் தண்ணீரில் ஊறிய வெடிப்பு. முதலாளி யாரிடமோ போனில் பேசிக்கொண்டே தன் அறைக்குள் போனதும், அம்மா என் பக்கம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவளை பாஸ் போட்டுறாதீங்க."

நான் கையிலிருந்த தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். தூக்கத்துலகூட சொல்லிட்டே இருக்கா. அந்த ரூம்ல தலை சாய்க்கத்தான் ஃபெயிலாகறா. கொஞ்ச நேரம் தூங்குடின்னு நான் சொன்னா, அப்பா அங்க தனியா கஷ்டப்படறப்ப நாம தூங்கவா இங்க வந்தோம்னு திருப்பிக் கேக்கறா. நான் சொல்லிக் குடுத்த வார்த்தைதான். இப்ப எந்த வாயால மாத்திச் சொல்வேன்?"

"அவ தூங்கறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டிலேர்ந்து பாத்துட்டே இருப்பேன். அந்த ஜன்னல்ல லைட் அணையும். அதுக்கப்புறம்தான் எனக்கும் கண்ணு மூடும்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. உன் மகள் ஒரு நாளும் தூங்கியதில்லை அம்மா, உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று. சொன்னால் அன்றோடு இந்த அம்மாவின் தூக்கமும் போகும். வாயை மூடிக்கொண்டேன்.

முதலாளி திரும்பி வந்தார். நான் தாளை நீட்டினேன். பாஸாகிவிட்டாள், சனிக்கிழமை வகுப்பு தேவையில்லை, ஆனால் கட்டுரைதான் படு மோசம், இரண்டு நாளும் பாடம் முடிந்தபின் பின்னறையில் ஒரு மணி நேரம் நானே உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிறேன் என்று அளந்தேன். முதலாளியின் முகம் சுருங்கியது. சம்பளம் வேண்டாம் என்றதும் மலர்ந்தது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற மனுஷன். எனக்கும் வீட்டில் காத்திருப்பது ஒரு பூனையும் முழங்கால் தைலமும்தான்.

யுன்சல் அம்மா என்னைப் பார்த்து இடுப்பை வளைத்து வணங்கினார். வேண்டிய அளவுக்கு மேலேயே வளைந்தார்.

பாடம் முடிந்ததும் யுன்சலைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், என் கோட்டைச் சுருட்டி மேஜைமேல் வைத்தேன். படு என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நீ பாக்க வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"அம்மா தூங்கினதும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன். படு முதல்ல."

தலை சாய்த்தாள். ஜன்னலில் கையைக் குவித்து வைத்துக் கீழே பார்த்தேன். யுன்சல் அம்மா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த இருக்கை மெல்லப் பின்னால் சாய்ந்தது.

"தூங்கிட்டாங்க" என்றேன்.

பின்னாலிருந்து பதில் வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் சீராக வந்தது. எனக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. நாற்காலியை இழுத்தால் சத்தம் கேட்குமே என்று நின்றுகொண்டே இருந்தேன்.