கிளெமின் இரண்டாவது முட்டை

போர்க்கால இங்கிலாந்தில் முட்டைக்குப் பஞ்சம். எங்கள் லிங்கன்ஷயர் விமானத் தளத்தில் அது விமானத்தில் பறக்கிறவர்களுக்கு மட்டும்தான். ஜெர்மனிமீது குண்டு போடப் புறப்படும் முன் ஆளுக்கு ஒன்று, உயிரோடு திரும்பினால் இன்னொன்று. பொரித்துப் போடும் எனக்கு மாதத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். "நீ வரலேன்னா உன் ரெண்டாவது முட்டை எனக்குடா" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. கரண்டியைச் சட்டியில் ஓங்கித் தட்டுவேன்.

கிளெம் ஹாரோவர் ஆஸ்திரேலியாக்காரன். ஊரில் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவன், இங்கே குண்டு விமானத்தின் வால் கூண்டில் தனியாக உட்கார்ந்து சுடுகிறவன். அவனை எனக்குப் பிடித்திருந்தது. அதைப் பூசி மெழுக என்ன இருக்கிறது? முப்பது தடவை பறந்துவிட்டால் ஆறு மாதம் ஆபத்தில்லாத வேலை. அவன் விமானத்தில் ஏழு பேர். ஒன்றாகத் தொடங்கியவர்கள் ஒன்றாகவே முடிப்பது என்று வைராக்கியமாக இருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் அவனால் முட்டையை விழுங்க முடியவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

"காய்ச்சலா?"

"வெறும் சளி. வாயை மூடிட்டு இரு, வின்னி. ஒரு தடவை விட்டுட்டா நான் மட்டும் பின்தங்கிடுவேன்."

அன்றைக்கு நிரப்பிய பெட்ரோலின் அளவை வைத்தே பெர்லின் என்று எல்லோரும் ஊகித்திருந்தார்கள். அந்த மாதம் பெர்லினுக்குப் போனவர்களில் எத்தனை பேர் சாப்பிட வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நேராக டாக்டரிடம் போய்ப் போட்டுக் கொடுத்தேன். அரை மணியில் கிளெமைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். அவன் இடத்தில் வேறொருவன் போனான். மறுநாள் காலை ஏழு பேரும் கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்து முட்டை கேட்டார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு வாரம் பெருமையில் மிதந்தேன். அறிவு கெட்டவள்.

ஏப்ரலில் மற்ற ஆறு பேரும் முப்பதை முடித்தார்கள். கிளெமுக்கு இருபத்தொன்பது. விமானி ரூபர்ட், "அவனுக்காக நாங்க முப்பத்தொண்ணு பறக்கிறோம்" என்று மேலதிகாரியிடம் மன்றாடினான். முடியாது என்றுவிட்டார்கள். இரண்டே தடவை பறந்திருந்த ஒரு புதுக் குழுவில் வால் கூண்டுக்காரனுக்குக் குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. அந்தப் பிள்ளைகளோடு கிளெமைச் சேர்த்துவிட்டார்கள்.

அவர்களோடு பறக்க வேண்டிய அன்று மதியம் கிளெம் தட்டை நீட்டினான். "மஞ்சக்கரு உடையாம போடு."

"உடைஞ்சா துரை தின்ன மாட்டீங்களோ?"

"தின்னுவேன். ஆனா ரெண்டாவதை எவனுக்கும் குடுத்துடாதே. நானே வருவேன்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "கிளெம், அன்னிக்கு டாக்டர்கிட்ட…"

"அப்புறம் பேசலாம் வின்னி. முட்டை ஆறிடும்."

மறுநாள் காலையில் பழைய குழுவின் ஆறு பேரும் பயண மூட்டைகளோடு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவனையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு ரயிலேறுவதாக ஏற்பாடு. அந்தப் புதுக் குழுவின் விமானம் மட்டும் வரவில்லை. தீப்பற்றிக் கடலில் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகத் திரும்பி வந்த ஒருவன் சொன்னான். வால் கூண்டுத் துப்பாக்கி கடைசிவரை சுட்டுக்கொண்டே இருந்ததாம்.

நான் முட்டையைப் பொரித்தேன். மஞ்சள் கரு உடையவில்லை. தட்டை அவர்கள் மேசைமேல் வைத்தேன். யாரும் தொடவில்லை.

"நான்தான்" என்றேன். "டாக்டர்கிட்ட சொன்னது நான்தான். இல்லேன்னா அவன் உங்களோடயே முடிச்சிருப்பான்."

"தெரியும்" என்றான் ரூபர்ட்.

"அவனுக்கு?"

"அன்னிக்கே தெரியும். நேத்து விமானத்துல ஏறப் போகும்போது எங்க ஆறு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான். தான் வரலேன்னா உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்."

சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொருவனாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பத்து மணி ரயிலுக்குப் போனார்கள். ஒருவனாவது என்னைத் திட்டியிருக்கலாம்.