சகோதரர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை

லவன் அண்ணா டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரில் பொலிஸ்காரன். அவனோடு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பொலிஸ்காரர்களின் சகோதர சங்கம் ஒன்றில் இருக்கிறார்கள். அதில் நாமாகப் போய்ச் சேர முடியாது. உள்ளே இருக்கும் இருவர் நம் பெயரை முன்மொழிய வேண்டும். பிறகு வேறு இருவர் வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு கதைப்பார்கள். சேருகிறவன் அப்போது வீட்டில் இருக்கக் கூடாது. கடைசியில் ஊர்க் கிளை கூடி வாக்களிக்கும். கோப்பன்ஹேகனில் தலைமைச் சபை ஒன்று இருந்தாலும், யாரைச் சேர்ப்பது என்பதில் அது தலையிடாது. ஒருவனைச் சேர்த்தால் அவன் குடும்பத்தையும் சங்கம் பொறுப்பெடுக்கிறது. அதனால் வீட்டார் சம்மதமில்லாமல் யாரையும் எடுக்க மாட்டார்கள்.

போன மாரியில் ஒரு விபத்து நடந்தது. கவிழ்ந்த காருக்குள்ளிருந்து ஒரு குழந்தையை அண்ணாவும், அவனோடு வேலை செய்யும் சங்க உறுப்பினர் டோர்பென்னும் வெளியே எடுத்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு டோர்பென்னின் வீட்டுக்குச் சங்கத்து ஆட்கள் மாலைதோறும் மாறி மாறிப் போய் இருந்தார்கள். அண்ணா எங்கள் குளியலறையில், அழுவது வெளியே கேட்காதபடி தண்ணீரைத் திறந்துவிட்டு இருந்தான். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இளவேனிலில் டோர்பென் தானாகவே இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு அண்ணாவின் பெயரை முன்மொழிந்தார். விபத்துக்குப் பிறகு அண்ணா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சங்கத்து ஆட்கள் இருவர் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலேயே ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“பொம்பிளை பாக்க வாற மாதிரியெல்லோ கிடக்கு,” என்றான் அண்ணா, சூடான ரோல்ஸ் ஒன்றை எடுத்தபடி.

“உன்னைத்தானே பாக்க வருகினம். போய்ச் சேவ் எடு.”

“என்னையில்லை அம்மா, உங்களைத்தான். எனக்கு வீட்டில நிக்கவே அனுமதி இல்லை.” பிறகு என்னிடம் திரும்பினான். “சாரங்கி, அப்பாவுக்கு நீதான் மொழிபெயர்த்துச் சொல்லோணும். பள்ளிக்கூடத்தில மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு இருந்திடாதை.”

“அப்ப வேற ஆளைப் பிடி.”

“வேற ஆள் இல்லையடி. அதுதானே பிரச்சினை.”

வகுப்பில் எழுந்து நின்று பேச முடியாமல் படிப்பை விட்டவள் நான். அவனுக்காக ஓம் என்றேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

வந்தவர்களில் மூத்தவர் ஹென்னிங், ஓய்வு பெற்ற பொலிஸ்காரர். மற்றவர் இளையவர், அதிகம் பேசவில்லை. அவர்கள் உள்ளே வந்ததும் அப்பா எழுந்து நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து பழகிய டேனிஷ் அவருக்கு ஓரளவு தெரியும். அன்று அதில் ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணா சீருடையை நிலையத்திலேயே மாற்றிவிட்டு வருவான். வேறு பொலிஸ்காரர் யாரும் அதுவரை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

லவனுக்கு நெருக்கமானவர்கள் யார் என்று ஹென்னிங் கேட்டார்.

“அவனுக்கு ஒருத்தரையும் தெரியாது, ஐயா,” என்றார் அப்பா தமிழில்.

மாலையில் எங்கே போவான்?

“ஒரு இடமும் போறேல்லை. வேலை, வீடு.”

அண்ணா கொஞ்சம் கூச்சக்காரன் என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஹென்னிங் சிரித்தார். ரோல்ஸ் நன்றாக இருப்பதாக அம்மாவிடம் சொல்லி இன்னொன்று எடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அப்பாவின் முன் வைத்தார். கோடையில் சங்கம் நடத்திய விருந்து. விருந்தாளியாகப் போன அண்ணா இரண்டாவது வரிசையில் டோர்பென்னின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான்.

“உங்கள் மகன் எங்கே? காட்டுங்கள் பார்க்கலாம்,” என்றார் ஹென்னிங், விளையாட்டாக.

கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவள் ஒரே ஒரு முறை எனக்குச் சொல்லியிருக்கிறாள்: இலங்கையில் அப்பாவை இராணுவ முகாமில் பிடித்து வைத்திருந்தபோது, ஒரு பள்ளிக்கூடப் படத்தை முன்னால் வைத்துத் தெரிந்தவர்களைக் காட்டச் சொன்னார்கள். கூடப் படித்தவன்தானே, என்ன ஆகப்போகிறது என்று நினைத்து அப்பா ஒருவனைத் தொட்டார். அப்பாவை விட்டுவிட்டார்கள். அந்தப் பொடியன் திரும்பி வரவில்லை.

அப்பா விருந்துப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இதில என்ர மகன் இல்லை.”

“அப்பா, இவை அண்ணாவின்ர கூட்டாளிமார். ஒண்டும் செய்யாயினம்,” என்றேன் மெதுவாக.

“வாயை மூடு பிள்ளை. எனக்கு இதில ஒருத்தரையும் தெரியாதெண்டு சொல்லு. வேற ஒரு சொல்லும் சொல்லப்படாது. கும்பிட்டுக் கேக்கிறன்.”

முகாமைப் பற்றி இரண்டு வசனம் சொன்னால் வந்தவர்களுக்குப் புரியும். ஆனால் அதை அப்பாவின் முன்னாலேயே, அவர் பயப்படுகிற இரண்டு பேரிடம் சொல்ல வேண்டும். நான் அப்பா சொன்னதை மட்டும் டேனிஷில் சொன்னேன்.

ஹென்னிங் படத்தை எடுத்துக்கொண்டார். இளையவர் கோப்பியைப் பாதியில் வைத்தார். இருவரும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அண்ணா திரும்பி வந்ததும் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. உடனே ஹென்னிங்குக்குத் தொலைபேசி எடுத்து முகாமைப் பற்றிச் சொன்னான். அவர், இன்னொரு முறை வருகிறோம், எவ்வளவு நேரமானாலும் இருந்து கதைக்கிறோம், ஆனால் சம்மதத்தை அப்பாவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அந்த விதியை மட்டும் மாற்ற முடியாது என்றார். பெயரை இப்போது விலக்கினால் மறுபடி முன்மொழிய முடியாது என்றும் சொன்னார்.

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அண்ணா உள்ளே போனான். அப்பா வரவேற்பறைத் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு ஒரு மூலையில் நின்றார்.

“லவன், உன்னை நான் காட்டிக் குடுக்கேல்லை,” என்றார். அவர் முகத்தில் பெருமை இருந்தது. “இவள் பிள்ளைதான் பயந்திட்டாள். நான் பயப்பிடேல்லை.”

“ஓம் அப்பா.”

“திரும்ப வருவாங்கள். வந்தாலும் அதைத்தான் சொல்லுவன்.”

அண்ணா மூடிக் கிடந்த திரைச்சீலைகளைப் பார்த்தான்.

“என் பெயரை விலக்கிவிடுங்கள், ஹென்னிங்,” என்றான் டேனிஷில். பிறகு தொலைபேசியைக் காற்சட்டைப் பையில் வைத்தான். “இனி வரமாட்டினம் அப்பா.”

“உனக்கு ஒண்டும் தெரியாது. வீட்டைப் பாத்திட்டாங்கள். கொஞ்ச நாளைக்கு இஞ்ச நிக்காதை.”

“என்னப்பா கதைக்கிறியள், அவனே பொலிஸ்தானே!” அம்மா அழத் தொடங்கினாள்.

அண்ணா அவளைப் பேச வேண்டாம் என்று கை காட்டினான். மேலே போய் இரண்டு மூன்று சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். முன்கதவை நோக்கிப் போனவனை அப்பா தடுத்தார்.

“முன்னால போகாதை. பின்னால போ. குனிஞ்சு போ.”

வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் தோட்டத்து வேலி இடுப்பளவுதான் இருக்கும். அண்ணா பையை மார்போடு அணைத்து, அந்த வேலிக்குக் கீழே தலை மறையும்படி குனிந்து, வீதி வரை அப்படியே போனான்.