ஒரு கட்டைக்கு ஒரு ஆள்

ஒன்றாம் வகுப்பில் முதல் மூன்று வாரம் நான் எழுத்துச் சொல்லித் தருவதில்லை. பெற்றோர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கத் தெரியாத கையில் பென்சிலைத் திணித்து என்ன ஆகப்போகிறது? முதலில் வரிசையில் நிற்க வேண்டும். வலது ஷூ எது, இடது ஷூ எது என்று தெரிய வேண்டும். அப்புறம் நின்ற கோடு, படுத்த கோடு. இதெல்லாம் வந்துவிட்டால் எழுத்து தானாக வரும். பதினேழு வருடமாகச் சொல்கிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கட்டை. கதவோரத்து ஆணியில், கயிறு கோத்த பச்சை மரக்கட்டை ஒன்று தொங்கும். பாத்ரூம் போக என்னிடம் கேட்க வேண்டியதில்லை. கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், வந்ததும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். ஒரு கட்டைக்கு ஒரு ஆள். இரண்டு பேராகப் போனால் குழாயடியில் குளியலே நடந்துவிடும், எனக்குத் தெரியாதா?

இந்த வருடம் இருபத்தாறு பேர். அதில் ஒருத்தி வாயாடி. "மிஸ், நீங்க தூங்குறப்பவும் மிஸ்தானா?" என்று முதல் நாளே கேட்டவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் நேர்மாறு. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். மூன்றாம் நாளே பிள்ளைகள் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று ஒருநாள் கடுகடுத்தேன். அவள் என் வாயையே உற்றுப் பார்த்தாள். அங்கிருந்து ஏதாவது உதிர்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

பூட்டின் அம்மா நர்ஸ். டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து நின்றார்.

"வீட்ல இவ வாய மூடவே முடியாது மிஸ். இவ தம்பி பேசக் கத்துக்கிட்டதே இவகிட்டதான்."

அந்தத் தம்பி இதே பள்ளியில் பாலர் வகுப்பில் இருக்கிறான். பெரிய மிஸ் நல்லவர்தான். ஆனால் ஒரு தலைமையாசிரியைக்கு இத்தனை பட்டியல் ஆகாது. யார் தேறினார், யார் தேறவில்லை என்று கையில் எப்போதும் ஒரு தாள்.

"மூணாவது வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன்," என்றார். "ஒரு வார்த்தையாவது பேசலேன்னா திரும்பப் பாலர் வகுப்புக்கே போகட்டும். அவளுக்கும் அதான் நல்லது."

தம்பியும் அக்காவும் ஒரே பெஞ்சில்!

இரண்டாவது வாரத்தில் வேறொரு பிரச்சினை கிளம்பியது. ஆணியில் கட்டை நிற்கவே இல்லை. ஒருத்தர் வந்து மாட்டுவதற்குள் அடுத்தவர் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்தொரு தடவை! பூட்டு மட்டுமே நான்கு தடவை. இத்தனை வயிறு ஒரே நேரத்தில் கெடுமா? தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டி, இருபத்தாறு வீட்டுக்கும் சீட்டு எழுதி அனுப்பினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மறுநாள் காலை வாசலில் பெற்றோர் கூட்டம். ஒரு பிள்ளைக்கும் வயிற்றில் ஒன்றுமில்லை. பெரிய மிஸ் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

கோபத்தோடு வகுப்புக்குள் நுழைந்தேன். "உண்மையச் சொல்லுங்க. அங்க என்னதான் இருக்கு?"

இருபத்தைந்து வாய்கள் மூடிக்கொண்டன. வாயாடியால்தான் அடக்க முடியவில்லை.

"புறா மிஸ்! ஜன்னலுக்கு வெளிய உடைஞ்ச பூந்தொட்டி இருக்குல்ல, அதுல ரெண்டு முட்டை. கை கழுவுற படியில ஏறி நின்னா தெரியும். காலையில ஒரு புறா உக்காந்திருக்கு, சாயங்காலம் வேற புறா. கழுத்து வேற மாதிரி இருக்கு. ஏன் மிஸ் மாறி மாறி உக்காருது? அதுக்கும் டியூட்டியா?"

எனக்கா தெரியும்? பதினேழு வருடமாக அந்த ஜன்னலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று பிள்ளைகள் போய், வேலையெல்லாம் முடிந்த பிறகு நானும் போய் எட்டிப் பார்த்தேன். இருட்டிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு மேதாவித்தனமாக ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை காலை அதை வகுப்பில் சொன்னேன். "இனிமே யார் போனாலும், வந்து என்ன பாத்தீங்கன்னு எல்லாருக்கும் சொல்லணும். பார்த்தவங்க சொல்லணும், அதான் சட்டம்," என்றேன். பூட்டுக்கு இதுதான் சாவி என்று என் கணக்கு. பிள்ளைகள் அமர்க்களப்படுத்தினார்கள். புறா தலையைத் திருப்பாமலே பக்கவாட்டில் பார்க்கும் என்றான் ஒருவன். முட்டையைப் புறா அலகால் உருட்டிப் போட்டது என்றாள் இன்னொருத்தி. ஏன் உருட்டியது என்று அன்று முழுக்க வாதம் நடந்தது.

பூட்டு மட்டும் கட்டையைத் தொடவே இல்லை. திங்கள், செவ்வாய், புதன். நான் கவனிக்கவும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. பெஞ்சுக்குக் கீழே ஈரம். சட்டென்று மற்றவர்களை வரிசையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவள் அழவில்லை. உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வந்து சொல்ல வேண்டுமே என்று பயந்து, காலையிலிருந்து அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறது இந்தப் பிள்ளை! யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாலாவது அதன் தலையோடு போகும். நான் ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் போட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

துணி மாற்றிவிட்டு, தரையை நானே துடைத்தேன். துடைத்துக்கொண்டே சொன்னேன்: "தப்பு என்னோடதும்மா. நீ கட்டைய எடு, போ, வா. யாரும் உன்ன எதுவும் கேக்க மாட்டோம். உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொன்னாப் போதும். தோணலேன்னா வேண்டாம்."

அவள் தலையசைத்தாள். நாளைக்குத்தான் மூன்றாவது வெள்ளிக்கிழமை என்பதை நான் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கே பெரிய மிஸ் தாளோடு வந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்தார். நான் பலகையில் படுத்த கோடு போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஆணி காலி. பூட்டின் இடமும் காலி.

"எங்க அவ?" என்றார் பெரிய மிஸ்.

"பாத்ரூம் போயிருக்கா."

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. வகுப்பில் ஒருவரும் கோடு போடவில்லை. இத்தனை நேரம் அங்கே என்ன நடக்கிறது? முட்டை பொரிந்ததா? பூனை கீனை வந்துவிட்டதா? போய்ப் பார்க்கலாம் என்றால் கட்டை அவள் கழுத்தில். பெரிய மிஸ் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவு திறந்தது. மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"பொரிஞ்சிடுச்சா?" வாயாடி பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள். "சொல்லு! சொல்லேன்!"

"யாரும் அவளக் கேக்கக் கூடாது," என்றேன். எனக்கே நாக்கு நுனி வரை கேள்வி வந்து நின்றது. பெரிய மிஸ் என்னை முறைத்தார். வாய்ப்பை நானே கெடுக்கிறேனாம். கெட்டாலும் கெடட்டும், கொடுத்த வாக்கு வாக்குதான்.

அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அசிங்கமா இருக்கு," என்றாள்.

கரகரவென்று கட்டைக் குரல். இதுவா அவள் குரல்? நான் கீச்சுக்குரலாக நினைத்திருந்தேன்.

"முடியே சரியா இல்ல. மஞ்சளா நூல் நூலா இருக்கு. கண்ணு தொறக்கல. மூக்கு மட்டும் இவ்ளோ பெருசு. ஒண்ணுதான் வந்திருக்கு. இன்னொண்ணு உள்ளேர்ந்து தட்டுது." கட்டையைக் கழற்றி என் கையில் திணித்தாள். "நீங்க போங்க மிஸ். சீக்கிரம், வெளிய வந்துடும்."

வராந்தாவில் ஓடக் கூடாது என்று முதல் நாள் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ஓடினேன். குட்டிப் படியில் ஏறி நின்றேன். புறா ஒதுங்கி நின்றது. முட்டையில் கீறல், கீறலுக்குள் ஒரு அசைவு. தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். ஓடு இரண்டாகப் பிளந்து ஈரமாக ஒன்று சரிந்து விழும் வரை நான் மூச்சுவிட்டேனா என்றே தெரியவில்லை.

திரும்பி வரும்போது கதவுக்கு வெளியிலேயே அந்தக் கரகரக் குரல் கேட்டது. நிற்கவே இல்லை. "...அப்பா புறாவுக்குக் கழுத்து பச்சையா மின்னும், அம்மாவுக்குக் கம்மியாதான் மின்னும், நான் ரெண்டாவது நாளே பாத்துட்டேன்..." வாயாடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய மிஸ்ஸின் தாள் தரையில் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் இருபத்தாறு தலைகளும் திரும்பின. "மிஸ், வந்துடுச்சா? என்ன பாத்தீங்க? பார்த்தவங்க சொல்லணும்!"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.

"என்ன மிஸ்," என்றாள் வாயாடி, அச்சாக என் குரலிலேயே, "வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

பூட்டு எழுந்து வந்து என் கையிலிருந்து கட்டையை வாங்கினாள். எம்பி ஆணியில் மாட்டினாள். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாரும் மிஸ்ஸக் கேக்காதீங்க," என்றாள். "அவங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுவாங்க."