அடுப்பில் போன எட்டு நாக்கு

கொளஞ்சியப்பன் ஆசாரியின் காதில் கட்டில் என்ற சொல் விழுந்தாலே முகம் சுண்டிவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வரதராஜன்பேட்டையில் அவர் செய்து கொடுத்த கல்யாணக் கட்டில், கல்யாணத்தன்றே மாப்பிள்ளையோடு சேர்ந்து தரைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆசாரியின் பேர்தான் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் கலப்பைக்கும் நிலைக்கதவுக்கும் அவரைத் தேடி வந்த சனம், கட்டில் என்றால் மட்டும் டவுனுக்கு பஸ் ஏறியது. மனுஷன் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் வெந்துகொண்டுதான் இருந்தார்.

அப்படிப்பட்டவரைத் தேடி லப்பைக்குடிக்காட்டு மதார் பாய் வந்தார் என்றால், பாசத்தால் வரவில்லை. மற்ற ஆசாரிகள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

மகள் ஆயிஷா பீவிக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். துபாயிலிருந்து வந்திருந்த மதார் பாய், அங்கே வாங்கிய சுருள் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அரியலூர் போய், தேக்குச் சட்டங்களைத் தானே அளந்து அறுத்து வாங்கிவிட்டார். ஆறடி நீளத்துக்கு ஆறடிச் சட்டம், நாலடி அகலத்துக்கு நாலடிச் சட்டம், ஒரு நூல் பிசகவில்லை. சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கிக் காலுக்குள் நுழைத்தால்தான் கட்டில் நிற்கும், அதற்கு இரண்டு பக்கமும் மரம் கூடுதலாக வேண்டும் என்ற விஷயத்தை அந்த டேப் அவருக்குச் சொல்லவில்லை.

"ஆணி அடிச்சு நிறுத்திட முடியாதா ஆசாரி?"

"ஆணியா? வரதராஜன்பேட்டையில ஆணி அடிச்சுத்தான் பாய்..." என்று ஆரம்பித்த ஆசாரி, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் மோவாயைத் தடவிக்கொண்டு திரிந்தவருக்குத் திடீரென்று வழி தெரிந்தது. நாக்கு சட்டத்திலேயே முளைக்க வேண்டும் என்று யார் சொன்னது? சட்டத்தின் நுனியிலும் ஒரு துளை, காலிலும் ஒரு துளை, நடுவில் தனியாகச் செய்த நாக்கு. பாதி இதற்குள்ளே, பாதி அதற்குள்ளே. மூலைக்கு இரண்டாக எட்டு நாக்கு. கட்டிலைத் துண்டு துண்டாகவே மாட்டுவண்டியில் ஏற்றிப்போய் பாய் வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். பழைய வண்டிச் சக்கரத்தில் மிச்சமிருந்த ஒரே ஆரக்காலை அறுத்து எட்டு நாக்கும் செதுக்கினார். தட்டினால் உள்ளே போனது. இழுத்தால் வர மறுத்தது; தட்டித்தான் கழற்றி வைத்தார். அன்றைக்கு அவர் நடையே மாறிவிட்டது.

ஆசாரி வீட்டில் இருபது வருஷமாக ஓர் ஏற்பாடு உண்டு. பட்டறைத் தரையில் ஒரு சாணுக்குக் குறைந்து கிடக்கும் மரம் எதுவானாலும் அது மனைவி வீரம்மாளின் அடுப்புக்கு. அந்த மகராசி ஒரு நாளும் விறகு வாங்கியதில்லை. ஒரு சாணுக்குள் ஒரு மரத்துண்டு, அதுவும் உருப்படியாக ஒரு வேலைக்கு ஆகும் துண்டு, அந்தப் பட்டறையில் இதுவரை பிறந்ததே இல்லை.

வியாழக்கிழமை காலை ஆசாரி மூன்று இட்லி முடித்து நாலாவதைப் பிட்டார்.

"என்ன வீரம்மா, இன்னைக்கி இட்லி பூவாட்டம் இருக்கு?"

"வெறகு அப்படி. பட்டறையில எட்டுத் துண்டு கெடந்துச்சு, எல்லாம் ஒரே சைசு. பொகையே இல்லீங்க, நின்னு எரிஞ்சுது."

நாலாவது இட்லி தொண்டையிலேயே நின்றது.

"அடிப்பாவி! அது கட்டிலுடி!"

"கட்டிலுதான் அந்தா சாத்தி வச்சிருக்கே?"

"அது நிக்கிறதே அந்த எட்டுலதான்டி!"

"சாணுக்குக் கொறஞ்சதெல்லாம் உனக்குன்னு சொன்னது யாரு? நீங்க சொன்னீங்களா, ரோட்டுல போறவன் சொன்னானா?"

உச்சிப்பொழுதுக்கு வண்டி வந்துவிடும். பச்சை மரத்தில் நாக்குச் செய்தால் மாசம் ஒன்றில் சுருங்கி, வரதராஜன்பேட்டைக் கூத்து லப்பைக்குடிக்காட்டிலும் நடக்கும். நன்றாக உலர்ந்து இறுகிய கட்டை பட்டறையில் ஒன்றுகூட மிச்சமில்லை. "இத்தோட என் தொழிலு முடிஞ்சுது புள்ள" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், நிஜமாகவே அழுதுவிட்டார். இருபது வருஷத்தில் வீரம்மாள் பார்க்காத காட்சி அது.

உள்ளே போனவள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தாங்க. எங்கம்மா வூட்டுலேருந்து நான் கொண்டாந்தது. இத்தன வருசம் நெல்லு குத்தியே எறுகிப்போன கட்ட. அறுங்க."

"ஏ புள்ள, உலக்கையவா?"

"சும்மா இல்ல. இனிமே நெல்லு மூட்டைய ரைஸ்மில்லுக்கு நீங்கதான் சொமக்கணும். சம்மதம்னா ரம்பத்தை எடுங்க."

எடுத்தார். முதல் இழுப்புக்கு வீரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற இழுப்புகளுக்கு அவளே கட்டையை மிதித்துப் பிடித்தாள். எட்டாவது நாக்கைச் செதுக்கி முடிக்கும்போது வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது.

மதார் பாய் வீட்டு அறையில் கட்டிலைப் பூட்டி, மூங்கில் முளை அடித்து, ஆசாரி நிமிர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஆனால் பரீட்சை மறுநாள்தான் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்துல் நாசர் ஆள் சின்ன யானை. நிக்காஹ் முடிந்து, நெய்ச்சோறும் கறியும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கட்டிலப் பாப்போம்" என்று அறைக்குள் நுழைந்தார். கதவோரம் நின்ற ஆசாரிக்கு மூச்சே ஓடவில்லை. ஒரு கிரீச் போதும், அவர் பிழைப்பில் மண்.

நாசர் உட்கார்ந்தார். சத்தமில்லை. எழும்பித் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போதும் இல்லை. காலை நீட்டிப் படுத்து வலமும் இடமும் புரண்டார். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக் கண்ணை மூடினார். ஆசாரி தரையில் கால் பாவாமல் ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை, மதார் பாய் சைக்கிளை மிதித்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆசாரி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கெல்லாம் எவன்யா உளி எடுத்துக் குடுத்தான்? கட்டிலாய்யா போட்ட?"

"பாய்... ஒடிஞ்சிடுச்சா?"

"ஒடிஞ்சிருந்தாத்தான் தேவலையே! நேத்து மத்தியானம் படுத்த மாமு இந்நேரம் வரைக்கும் எந்திரிக்கல. தட்டுனோம், உருட்டுனோம், நாலு பேரு கட்டில் மேலயே ஏறி நின்னு தூக்கிப் பாத்தோம். அந்தப் பாழாப்போன கட்டில் ஒரு கிரீச்சாவது போட்டுச்சா? போட்டிருந்தா மனுசன் முழிச்சிருப்பாரு! புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் அடுப்படியில படுத்துக் கெடந்தாங்கய்யா!"

சத்தம் கேட்டுத் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆசாரி தூணை விட்டார். கண் கலங்கிவிட்டது.

"வீரம்மா, இங்க ஓடியா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அப்புறம் மதார் பாய் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாய், கோவிச்சுக்காம மொதல்லேருந்து இன்னொருக்கா திட்டுங்க."